பேண்டு வாத்தியாருக்கு ஒரு நாற்காலி

முகூர்த்த நாள் வந்துவிட்டால் அரியலூர், செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கம் பேண்டு செட்டுக்குக் கிராக்கிதான். கல்யாண ஊர்வலம், கோயில் திருவிழா, மாதா கோயில் தேர்பவனி, சாவு எல்லாவற்றுக்கும் அவர்கள் வேண்டும். வாசிப்பவர்களில் பலர் நம் காலனிப் பிள்ளைகள். ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் பாட்டைத் தூக்கிக்கொண்டு போகும். யூபோனியமும் ட்ரம்போனும் அடிக்குரலில் நின்று அதைத் தாங்கும். தாங்குகிறவர் பெயரை யாரும் கேட்பதில்லை. வாசித்து முடித்தபின் அவர்களுக்கு எந்தப் பந்தியில் இலை போடுவது என்பது இன்றும் சில ஊர்களில் கேள்விதான்.

இதே வாத்தியங்களைக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்து, பேராசிரியராக வாழ்ந்த ஒருவரை நம் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வில்லியம் பி. ஃபாஸ்டர், அமெரிக்கக் கறுப்பர். 1919இல் கான்சஸ் மாநிலத்தில் பிறந்தவர். கிளாரினெட் வாசித்தவர். கான்சஸ் பல்கலைக்கழகத்தில் இசைக் கல்வி படித்து 1941இல் பட்டம் வாங்கினார். ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தின் பேண்டில் கறுப்பு மாணவருக்கு இடமில்லை. இசைக்குழு நடத்துநராக வேண்டும் என்று அவர் சொன்னபோது, கறுப்பருக்கு அப்படி ஒரு வேலையே கிடையாது என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள். தன்னைச் சேர்க்காத பேண்டுக்கு நிகராக, முடிந்தால் அதற்கும் மேலாக, ஒரு கறுப்பர் பேண்டை உருவாக்குவது என்று அன்று முடிவெடுத்ததாக ஃபாஸ்டர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1946இல் ஃபுளோரிடா ஏ அண்ட் எம் கல்லூரிக்கு வந்தார். வெள்ளையர் கல்லூரிகளில் இடம் மறுக்கப்பட்ட கறுப்பர்களுக்காக 1887இல் தொடங்கப்பட்ட கல்லூரி அது. அங்கே அவர் வளர்த்த பேண்டுக்கு ‘மார்ச்சிங் 100’ என்று பெயர். அதுவரை கல்லூரி பேண்டுகள் பட்டாள நடைதான் நடந்தன. ஃபாஸ்டர் தன் மக்களின் ஆட்டத்தையும் அன்றைய பிரபல பாட்டுகளையும் மைதானத்துக்குள் கொண்டுவந்தார். தோளில் சுமந்த பெரிய குழலோடு ஆடிக்கொண்டே வாசிக்க வேண்டும், சுருதியும் தாளமும் பிசகக்கூடாது. இன்று அமெரிக்கா முழுக்க வெள்ளையர் கல்லூரி பேண்டுகளும் அந்த ஆட்டத்தைக் கடன் வாங்கியிருக்கின்றன.

இடையில் அவர் படிப்பையும் விடவில்லை. 1955இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அண்ணல் அம்பேத்கர் 1913இல் போய்ச் சேர்ந்த அதே கொலம்பியாதான். 1985இல் கல்லூரி பேண்டுகளுக்கான உயரிய சட்லர் கோப்பை கிடைத்தது. 1989இல் பிரெஞ்சுப் புரட்சியின் 200ஆம் ஆண்டு விழாவில் அவர் பிள்ளைகள் பாரிஸ் வீதியில் வாசித்தார்கள். அமெரிக்க பேண்டு நடத்துநர் சங்கத்துக்கு முதல் கறுப்பினத் தலைவரும் அவரே. 52 ஆண்டு பணிக்குப் பின் 1998இல் ஓய்வு பெற்றார். 2010இல் மறைந்தார்.

பரிசுகளைவிட நமக்கு முக்கியம் வேறு. அந்த நாற்காலியிலிருந்து உதவித்தொகை பிறந்தது. அடிக்குரல் குழல் ஊதத் தெரிந்த ஏழைப் பிள்ளை அதைக் கொண்டே பட்டம் வாங்க முடிந்தது. பட்டம் வாங்கியவர்கள் பள்ளிகளில் பேண்டு ஆசிரியர் ஆனார்கள். அவர்கள் தயாரித்த பிள்ளைகள் மறுபடி கல்லூரிக்கு வந்தார்கள்.

அங்கேயும் களங்கம் உண்டு. 2011இல் அந்த பேண்டின் மாணவர் ஒருவர், சடங்கு என்ற பெயரில் சக மாணவர்களாலேயே பேருந்துக்குள் அடிக்கப்பட்டு இறந்தார். 2013 வரை பேண்டு நிறுத்திவைக்கப்பட்டது. ஒடுக்கப்பட்டவர்களின் அமைப்புக்குள்ளும் மேல் கீழ் முளைக்கும் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

நம் பக்கம் வருவோம். சாவுக்குப் பறை அடிக்கமாட்டோம் என்று நம் மக்கள் பல ஊர்களில் குச்சியைக் கீழே வைத்தார்கள். அது சுயமரியாதை. பிறகு அதே பறையை மேடையில் எடுத்தார்கள், அதுவும் சுயமரியாதைதான். பேண்டு செட்டின் சீருடைக்கும் இதில் பங்கு உண்டு என்பது நம் கணிப்பு. தொப்பியும் பொத்தானும் போட்டவனை ‘டேய்’ என்று கூப்பிட ஊர் கொஞ்சம் யோசித்தது. 2025இல் மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சி. ஆனால் விருது ஒருவருக்குக் கிடைப்பது, ஆசிரியர் பணியிடம் தலைமுறைக்குக் கிடைப்பது. மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் நெடுங்காலமாகச் சொல்லிக்கொடுத்து வருபவை குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம். பித்தளைக் குழலுக்கு அந்த வரிசையில் இடமில்லை.

பட்டம் இல்லாதவரை எப்படி ஆசிரியராக எடுப்பது என்று கேட்பார்கள். வழி இருக்கிறது. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு, துறை அனுபவம் உள்ளவர்களைப் பேராசிரியராக அமர்த்த விதி வகுத்தது. பட்டம் கட்டாயமில்லை, 15 ஆண்டு அனுபவம் வேண்டும். இப்படி அமர்த்தப்படுபவர்களின் எண்ணிக்கை அனுமதிக்கப்பட்ட பணியிட எண்ணிக்கையில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கலைத்துறையும் அதில் அடக்கம். 15 ஆண்டுக்கு மேல் யூபோனியம் ஊதியவர்கள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். அரியலூர், பெரம்பலூர் கல்லூரி முதல்வர்கள் அந்த விதியை ஒருமுறை எடுத்துப் படிக்கட்டும்.