நாற்பது இலைக்குக் கிறிஸ்துமஸ் விருந்து

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் சொந்தத்தில் முதலில் எழும் கேள்வி, "இந்த வருஷம் யார் வீட்டில் சாப்பாடு?" என்பதுதான். புதுத் துணி, ஸ்டார் கட்டுவது, குடில் வைப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவர்களுக்குக் கூடி உண்பது புதிதல்ல. சபைகளில் பிரதிஷ்டைப் பண்டிகை வந்தால் அசனம் உண்டு. அவரவர் கொடுத்த அரிசியையும் ஆட்டையும் காய்கறியையும் சேர்த்துப் பெரிய கொப்பரைகளில் பொங்கி, இருப்பவர் இல்லாதவர் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. புளியம்பட்டி, உவரி அந்தோனியார் கோயில்களில் நேர்ந்துகொண்டு அசனம் கொடுக்கிறவர்களும் ஏராளம். ஆனால் அங்கெல்லாம் கரண்டி பிடிக்கப் பழகிய ஆட்கள் இருப்பார்கள். வீட்டில் நாற்பது பேருக்கு என்றால் அத்தனையும் நம் தலையில்தான் விழுகிறது.

என் மாமியார் கல்யாணமாகி வந்த நாள் முதல் கிறிஸ்துமஸ் ஆராதனையை முழுதாகப் பார்த்ததே இல்லையாம். பிரசங்கம் தொடங்கும்போதே எழுந்து அடுப்பைப் பார்க்க ஓடி வந்துவிடுவார்களாம். "எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருந்தா நாங்க சாப்பிடுவோம்ளா, பல நாள் கறி தீர்ந்து குழம்புதான் இருக்கும்" என்று சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் முறை வந்தபோது நானும் என் ஓரகத்திகளும் முதலில் முடிவு செய்தது இதைத்தான்: வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் ஆராதனைக்கு முழுதாக இருக்க வேண்டும், சூடாகச் சாப்பிடவும் வேண்டும். சமையல் பட்டியலை அதற்குத் தக்கபடிதான் போட்டோம்.

ஆகவே பலகாரமெல்லாம் 22, 23 தேதிகளிலேயே முடிந்துவிடும். முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, கை முறுக்கு எல்லாம் நாள்பட நிற்கக் கூடியவை. முந்திரிக்கொத்துக்கு உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் விடாதீர்கள். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அந்தப் பெயரில் ஏதேதோ விற்கிறார்கள்; தெரிந்த கடையில் வாங்குங்கள். கேக்கை வீட்டில் செய்தால் உலர்ந்த பழங்களை ஆரஞ்சுச் சாற்றிலோ திராட்சைச் சாற்றிலோ ஊறவைத்தால் போதும், குழந்தைகளுக்கும் பயமில்லாமல் கொடுக்கலாம். அடுப்பில் முட்டையும் மாவும் குழப்பிக்கொண்டிருக்க நேரமில்லையா, கடையில் வாங்குங்கள். யாரும் குறைவாக நினைக்கப் போவதில்லை.

24-ம் தேதி மாலை வெங்காயம், பூண்டு உரித்து, இஞ்சி பூண்டு விழுது அரைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுவோம். புதினா, மல்லி ஆய்ந்து ஈரத்துணியில் சுற்றி வைப்போம். இதற்கு ஆண்களையும் பெரிய பிள்ளைகளையும் உட்கார வைத்துவிடுங்கள். வெங்காயம் உரிக்க எஸ்.எஸ்.எல்.சி. கூடப் படிக்க வேண்டாம்! கறிக்கு முன்கூட்டியே சொல்லிவைத்து, 25-ம் தேதி ஆராதனை முடிந்து வரும் வழியில் வீட்டுக்காரர் வாங்கி வருவார். முந்தின நாளே கறியைச் சமைத்து வைத்துக் காலையில் சூடு பண்ணலாமே என்று சிலர் கேட்கிறார்கள். பெரிய பாத்திரத்துக் குழம்பு நடுவில் ஆறவே பல மணி நேரம் ஆகும். அந்த வெதுவெதுப்பில்தான் கிருமி பெருகும். வேண்டாம்.

இனி பிரியாணி. சங்கரன்கோவில் பிரியாணி என்றால் வெளியூர்க்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கிச் சாப்பிட்டுப் போகிற ஊர் இது. அந்த ஊரில் இருந்துகொண்டு பிரியாணி வைப்பதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும்தான். எங்கள் கணக்கு இது: சிறியவர் பெரியவர் கலந்து எட்டுப் பேருக்கு ஒரு கிலோ சீரகச் சம்பா. நாற்பதுக்கு ஐந்து கிலோ அரிசி, ஐந்து கிலோ ஆட்டுக்கறி. கிலோவுக்கு வெங்காயம் 400 கிராம், தக்காளி 300 கிராம், இஞ்சி பூண்டு தலா 125 கிராம், தயிர் 200 மில்லி, எண்ணெயும் நெய்யுமாக 250 மில்லி, பச்சை மிளகாய் பத்து. எலுமிச்சைக்குப் பக்கத்தில் புளியங்குடி இருக்கும்போது நமக்கென்ன கவலை, கிலோவுக்கு ஒன்று பிழியுங்கள்.

ஐந்து கிலோவையும் ஒரே தேக்சாவில் போட்டு வீட்டு அடுப்பில் ஏற்றாதீர்கள். சின்ன பர்னரின் தீ நடுவில் மட்டும் படும். அடி தீயும், மேலே அரிசி விறைத்து நிற்கும். இரண்டரை கிலோவாக இரண்டு தேக்சா வைத்துக்கொள்ளுங்கள். கொல்லையில் இடமிருந்தால் செங்கல் அடுக்கி விறகு அடுப்பு போடுவது இன்னும் நல்லது. எல்லாச் சாமானையும் ஐந்தால் பெருக்கலாம். காரம், உப்பு, பட்டை கிராம்பு இவற்றை மட்டும் பெருக்கி வந்த கணக்கில் முக்கால் பங்கு போட்டு, கறி வெந்ததும் ருசி பார்த்துக் கூட்டுங்கள். தண்ணீரும் அப்படித்தான். அதிக அளவில் செய்யும்போது ஆவியாகிப் போவது குறைவு. ஊறவைத்த சீரகச் சம்பாவுக்கு, கறியில் இருக்கும் சாற்றையும் சேர்த்து, அளவுக்கு ஒன்றரை மடங்கு போதும். தண்ணீர் வற்றி அரிசி மேலே தெரியும்போது மூடி, மேலே கங்கு பரப்பி இருபது நிமிஷம் விட்டுவிட வேண்டும். இடையில் திறந்து பார்க்கும் கொழுந்தனாரைப் பக்கத்தில் விடாதீர்கள்.

அடுத்தது சைவப் பந்தி. இதை ஒப்புக்கு ஒரு சாம்பாரும் தயிரும் வைத்து முடித்துவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கிறிஸ்துமஸ் வருவது மண்டல காலத்துக்குள். மண்டல பூஜை டிசம்பர் 26 அல்லது 27-ல் வரும் என்பதால் எங்கள் தெருவில் பாதி வீட்டில் மாலை போட்ட சாமிகள் இருப்பார்கள். அவர்களில் சிலர் வெளியே சாப்பிடுவார்கள், சிலர் வெங்காயம் பூண்டு சேர்க்க மாட்டார்கள், சிலர் அவர்கள் வீட்டுச் சமையலைத் தவிர எதையும் தொட மாட்டார்கள். ஒரு வாரம் முன்பே அந்த வீட்டு அக்காவிடம் கேட்டுவிடுவது உத்தமம். சாப்பிட மாட்டார்கள் என்றால் ஒரு தாம்பாளத்தில் பழமும் முழுத் தேங்காயும் வைத்துக் கொடுத்தால் அவர்களுக்கும் சந்தோஷம். முஸ்லிம் சிநேகிதிகள் வருவதாக இருந்தால் கறியை ஹலால் கடையிலேயே வாங்கிவிடுங்கள், நமக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

சைவத்துக்கு எங்கள் வீட்டில் சொதிதான். நெல்லைக் கல்யாண வீடுகளில் மறுநாள் விருந்துக்கு வைப்பார்களே, அதே சொதி. பதினைந்து பேருக்கு நான்கு பெரிய தேங்காய், கால் கிலோ சிறு பருப்பு, கேரட், பீன்ஸ், உருளை, பட்டாணி, முருங்கைக்காய் சேர்த்து ஒன்றரை கிலோ. மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காயை வேகவிட்டு, வெந்த பருப்பும் இஞ்சி பச்சை மிளகாய் விழுதும் சேர்த்து, கடைசியில் முதல் பாலை ஊற்றிக் கொதிவராமல் இறக்கிவிட வேண்டும். இறக்கிய பிறகுதான் எலுமிச்சைச் சாறு. அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் திரிந்துவிடும். தேங்காய்ப் பால் சீக்கிரம் கெடும் என்பதால் பந்திக்கு ஒரு மணி நேரம் முன்புதான் கூட்டுவோம். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி கட்டாயம். பாத்திரமும் கரண்டியும் சைவத்துக்குத் தனி. பரிமாறுகிற ஆளும் தனி. கறிக் கரண்டி தெரியாமல் மாறிப் போனால் மன்னிப்புக் கேட்டுத் தீராது.

கைக்குழந்தை உள்ள சின்னம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தைக்குக் குழைந்த சோறும் பருப்பும் உப்பு, காரம் போடுமுன் தனியே எடுத்து வையுங்கள். பந்தியில் ஆளாளுக்கு வாயில் ஊட்டுவார்கள். முந்திரி, வேர்க்கடலை, முறுக்குத் துண்டு இவற்றை ஐந்து வயசுக்குள் உள்ள பிள்ளைகள் கையில் கொடுக்க விடாதீர்கள், மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்ளும். ஒரு வயசு ஆகாத குழந்தைக்குத் தேனும் கூடாது. பெரியவர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

மிச்சச் சோற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உறவில் ஒரு வீட்டில் மதியப் பிரியாணியை அண்டாவிலேயே மூடி வைத்து இரவு சூடு பண்ணிச் சாப்பிட்டு, நான்கு பிள்ளைகள் வாந்தியில் துவண்டு பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அரிசியில் உள்ள ஒரு கிருமியின் வித்து வேகவைத்தாலும் சாகாது. சோறு வெளியே கிடந்தால் அது முளைத்து விஷத்தைக் கக்கும். அந்த விஷம் மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. ஆகவே இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான தட்டில் பரப்பி ஆற்றி, சிறு டப்பாக்களில் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். இடமில்லையா? முதல் பந்தி முடியும்போதே பொட்டலம் கட்டிச் சூட்டோடு கொடுத்துவிடுங்கள்.

செலவு விஷயம்தான் நாசூக்கானது. ஆட்டுக்கறி விற்கிற விலையில் ஒரு குடும்பம் தாங்க முடியாது, பங்கு போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் தலைக்கு இவ்வளவு என்று பேசினால் இல்லாதவர்கள் வராமலே நின்றுவிடுவார்கள். எங்கள் மதினி ஒருத்தி, கணவரை இழந்தவர், இரண்டு வருஷம் ஏதோ சாக்குச் சொல்லி வரவில்லை. காரணம் புரிந்ததும் ரூபாய்க் கணக்கை விட்டுவிட்டோம். அசனத்தைப் போல முடிந்ததைக் கொண்டு வாருங்கள் என்றோம். ஒருத்தர் அரிசி, ஒருத்தர் எண்ணெய், ஒருத்தர் வாழையிலைக் கட்டு. யார் எது கொடுத்தார் என்று எழுதுவதில்லை. மதினி இப்போது முதல் ஆளாக வந்து முந்திரிக்கொத்து பிடிக்கிறார். அவர் கைப்பக்குவம் எங்களில் யாருக்கும் வராது.

2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த பேய்மழை இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸில் சிக்கிக்கொண்ட நூற்றுக்கணக்கான பயணிகளுக்கு அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள்தான் சோறு பொங்கிப் போட்டார்கள். அந்த வருஷம் எங்கள் வீட்டில் பிரியாணி கிடையாது. கறிக்கு வைத்திருந்த பணத்தில் போர்வையும் ரொட்டியும் வாங்கித் தூத்துக்குடிப் பக்கம் அனுப்பிவிட்டு, நாற்பது பேரும் சொதியும் சோறும் சாப்பிட்டோம். பிள்ளைகள் முகம் சுளிக்கவில்லை.

பந்தி முறையைச் சொல்ல மறந்தேனே. முதல் பந்தி குழந்தைகள், வயசானவர்கள், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள். இவர்களைக் காக்க வைக்கவே கூடாது. இரண்டாவது பந்தி சமைத்த பெண்கள். பரிமாறுவது ஆண்கள். மூன்றாவதுதான் ஆண்கள் பந்தி, அதற்கு நாங்கள் பரிமாறுவோம். முதல் வருஷம் முணுமுணுப்பு இருந்தது, இப்போது இல்லை. மாமியாருக்கு இலை போட்டு என் வீட்டுக்காரர்தான் கறி வைப்பார். அண்டா தேய்ப்பது மட்டும் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.