திருகின் நிலையும் விளக்கின் ஒளியும்

கொழும்பு – கண்டி வீதியிற் பிலிமத்தலாவையைக் கடப்போர், கடைகளிலே பித்தளை விளக்குகள் அணிவகுத்திருத்தலைக் காண்பர். குத்துவிளக்கில் திரியைத் தூண்டியும், அரிக்கன் லாம்பில் திருகைத் திருப்பியும் ஒளியைக் கூட்டிக் குறைத்தனர் நம் முன்னோர். அச்செயலையே இன்று நுண்கட்டுப்படுத்தி எவ்வாறு இயற்றுகின்றது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

2005ஆம் ஆண்டில் இத்தாலியிலே தோன்றிய ஆர்டுயினோப் பலகைகளுள் 'ஊனோ' என்பதை எடுத்துக்கொள்வோம். மாறுந்தடையி ஒன்றின் புறக்கால்கள் இரண்டையும் முறையே 5 வோல்ற்றுக்கும் பூச்சியத்துக்கும், நடுக்காலை ஒப்புமை உள்ளீட்டுக்கும் இணைத்தல் வேண்டும். திருகைத் திருப்புங்கால் நடுக்காலின் மின்னழுத்தம் இடையறாது மாறும். பலகையோ எண்ணையன்றிப் பிறிதொன்றை அறியாது. ஆதலின் அவ்வழுத்தத்தை 1024 படிகளாக வகுத்து, 0 முதல் 1023 வரையுள்ள ஓர் எண்ணாக்குகின்றது. ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ற்று, 2.5 வோல்ற்று 512 ஆகும்.

இனி, ஒளியை ஆளும் வழியை நோக்குவாம். 220 ஓம் தடையியூடாக இணைத்த ஒளிகாலும் இருவாயிக்கு மின்னழுத்தம் குறைத்து அளிக்கப்படுவதில்லை. பலகையின் 9ஆம் முனை அதனைச் செக்கனுக்கு ஏறத்தாழ 490 முறை ஏற்றி அணைக்கின்றது. ஏற்றியிருக்குங் காலத்தின் பங்கே ஒளியின் அளவாம். இப்பங்கு 0 முதல் 255 வரையுள்ள எண்ணாற் குறிக்கப்படும். எனவே முன்னைய எண்ணை 4ஆல் வகுத்தல் வேண்டும். வீட்டின் 230 வோல்ற்று விளக்கை இவ்வாறு நேரே இணைத்தல் உயிராபத்து என்பதை மறவற்க.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. திருகைச் சிறிது திருப்பியதுமே விளக்குப் பெரிதும் ஒளிரும். பிற்பாதியில் மாற்றம் நன்கு புலப்படாது. இது கருவியின் குற்றமன்று, கண்ணின் இயல்பு. 2 என்னும் அளவு 4 ஆகுதலைக் கண் எளிதில் உணரும்; 200 என்பது 202 ஆகுதலை உணராது. புலனுணர்வு விகிதத்தைப் பற்றியது என்னும் இக்கருத்தை ஜேர்மானிய அறிஞர் பெக்னர் 1860இல் நூலாக விளக்கினார். எண்ணை வர்க்கித்து 255ஆல் வகுப்பின் 128 என்பது 64 ஆகி, ஏற்றம் கண்ணுக்குச் சீராகும். 255இன் வர்க்கம் 65,025. இப்பலகையின் சாதாரண முழுவெண் 32,767க்கு மேற் கொள்ளாதாகலின், பெரிய முழுவெண்ணை ஆளுதல் அவசியம்.

ஒருநாள் வகுப்பில், திருகைத் தொடாதிருக்கவும் எண்கள் தாறுமாறாய் ஓடின. ஒரு மணிநேரம் நிரலைத் திருத்திய பின்னரே, நடுக்காலின் கம்பி கழன்றிருந்தமை கண்டு நாணினேன். கழன்ற கம்பிக்கும் பலகை ஓர் எண்ணைத் தரவே செய்யும். திரையில் எண் தோன்றியமையாலேயே அளவை நிகழ்ந்தது எனக் கொள்ளற்க. மாணவர் முதலில் வோல்ற்றுமானியால் நடுக்காலை அளந்தறிந்து, அதன் பின்னரே நிரலை நாடுவாராக.