சாபம் பெற்ற தெய்வமும் சாலைத் தெருவும்

நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் இளையோர் ஒரு நாடகம் நடிக்க வேண்டும் என்றும், அதை அவர்களே எழுத வேண்டும் என்றும் முடிவாயிற்று. எழுதும் பொறுப்பு எட்டாம் வகுப்பில் பயிலும் என் மகளுக்கும் அவளுடைய தோழியர் இருவருக்கும் வந்தது. பத்து நாள் கழித்து அவள் ஒரு குறிப்பேட்டை என்னிடம் நீட்டினாள். அதன் நாயகி, விண்ணிலிருந்து வீழ்த்தப்பட்டுச் சாபம் சுமந்து மண்ணில் அலையும் ஒரு தெய்வம். கிரேக்கக் கதைகளைப் படித்து அதன் சாயலில் அமைத்ததாகச் சொன்னாள்.

அன்று நான் செய்தது தவறு. அதனை இங்கே ஒளிக்காமல் எழுதுகிறேன். "நம்மிடத்தில் தெய்வங்களுக்கா பஞ்சம்? கிரேக்க நாட்டுக்குப் போய்க் கடன் வாங்க வேண்டுமா?" என்று கேட்டேன். அதோடு நிற்கவில்லை. குறிப்பேட்டைத் திறந்தபோது உரையாடல் முழுவதும் தமிழாகவும் எழுத்து முழுவதும் மலையாளமாகவும் இருக்கக் கண்டு, "இதைத் தமிழ் நாடகம் என்று எந்த முகத்தோடு சங்கத்தில் படிப்பது?" என்றும் கடிந்துகொண்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. குறிப்பேட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதன்பின் இரண்டு வாரம் என்னோடு பேசிய சில சொற்களையும் மலையாளத்திலேயே பேசினாள்.

பிழைக்க வந்த ஊரில் பிள்ளை வளர்க்கும் ஒருவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டோ? நான் மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, ரயில்வேயில் எழுத்தனாகச் சேர்ந்தவன். பெரும்படிப்பு இல்லாத எனக்குத் தமிழ் ஒன்றே பரம்பரைச் சொத்து. அச்சொத்தை வாங்கிக்கொள்ளக் கை நீட்டி வந்த குழந்தையை நானே வாயிலில் நிறுத்திவிட்டேன் என்பது சிறிது சிறிதாக விளங்கிற்று. எனவே, 1829-ஆம் ஆண்டில் தோன்றிய நம் நகரத்துப் பொது நூலகத்துக்குச் சென்று, அவள் படித்த கதைகளை நானும் படிக்கலானேன்.

அவளைத் தூண்டியது மெடூசாவின் கதை. கடல் தெய்வங்களின் மகள் அவள். கார்கன்கள் எனப்படும் மூன்று உடன்பிறந்தாரில் அவள் ஒருத்தியே சாவுக்கு உட்பட்டவள் என்கிறார் பழங்கவிஞர் ஹீசியட். பின்னர் வந்த உரோமக் கவிஞர் ஓவிட், அவளைக் கூந்தல் அழகியாகப் படைக்கிறார். கடலரசன் அவளைத் தெய்வத்தின் கோயிலிலேயே கெடுத்தான். கோயிலுக்குரிய தேவியோ அவனை விட்டுவிட்டு, அவளுடைய கூந்தலைப் பாம்புகளாக்கினாள். அவள் முகத்தைப் பார்த்தவர் கல்லாயினர். "ஏன் அப்பா, தப்புப் பண்ணினது ஒருத்தர், சாபம் மட்டும் இன்னொருத்திக்கா?" என்று என் மகள் முன்பு ஒரு நாள் கேட்டிருந்தாள். அப்போது நான் செய்தித்தாளிலிருந்து தலை தூக்கவில்லை.

விண்ணிலிருந்து மெய்யாகவே வீழ்ந்த தெய்வம் ஒன்றும் கிரேக்கரிடம் உண்டு. ஆத்தே என்பது அவள் பெயர். மனத்தை மயக்கித் தவறிழைக்கச் செய்பவள். ஹோமரின் இலியத்து, அதன் பத்தொன்பதாம் பகுதியில், அவள் கதையைக் கூறுகிறது. இன்று பிறக்கும் மகனே அரசாள்வான் என்று தேவர்கோன் சூஸ் ஆணையிட்டான். அவன் மனைவி ஹீரா சூழ்ச்சியால் வேறொரு குழந்தையை முந்திப் பிறக்கச் செய்தாள். ஏமாந்த தேவர்கோன், தன்னை மயக்கிய ஆத்தேயின் கூந்தலைப் பற்றிச் சுழற்றி மண்ணுலகில் எறிந்தான். இனி விண்ணுலகம் புகாதே என்று சூளுரைத்தான். சூழ்ச்சி செய்தவள் அரியணையில் இருக்க, வீழ்ந்தவள் ஆத்தே ஒருத்தியே.

இவற்றைப் படித்தபின் நம் நூல்களைப் புரட்டினேன். அப்போதுதான் என் கேள்வியின் வறுமை எனக்குப் புலப்பட்டது. சாபம் பெற்று வீழ்ந்தவர் நம்மிடத்திலும் பலர். சிலப்பதிகாரத்து மாதவியின் குலமே ஒரு சாபத்தில் தொடங்குகிறது. இந்திரன் அவையில் ஆடிய உருப்பசியும் இந்திரன் மகன் சயந்தனும் ஒருவரையொருவர் நோக்கி மயங்க, அகத்திய முனிவர் சபித்தார். சயந்தன் மூங்கிலானான், உருப்பசி மண்ணில் மாதவி என்னும் பெயரோடு பிறந்தாள். அவ்வழியில் வந்தவளே கோவலனைக் கவர்ந்த மாதவி. மணிமேகலையிலோ காயசண்டிகை வருகிறாள். விஞ்சை மகளாகிய அவள், பொதிய மலைச் சாரலில் விருச்சிக முனிவர் உண்பதற்கு வைத்திருந்த நாவற்கனியைக் காலால் சிதைத்தாள். அதனால் பன்னிரண்டு ஆண்டு தீராத யானைத் தீ என்னும் பெரும்பசி நோயைச் சாபமாகப் பெற்றாள்.

இவ்விடத்தில் ஓர் ஒப்புமையும் ஒரு வேற்றுமையும் கண்டேன். டிமீட்டர் என்னும் பயிர்த் தெய்வத்தின் சோலையை வெட்டிய எரிசிக்தோன் என்பவனுக்கும் பெரும்பசியே சாபமாயிற்று. சொத்தையெல்லாம் உண்டு தீர்த்து, பெற்ற மகளையும் விற்று, இறுதியில் தன் உடலையே தின்று மடிந்தான் என்கிறார் ஓவிட். காயசண்டிகைக்கோ அவ்வாறு நேரவில்லை. ஆதிரை இட்ட முதற்பிச்சையை அமுதசுரபியில் ஏற்று வந்த மணிமேகலை, அதிலிருந்து ஒரு பிடி சோறு ஊட்டினாள், பசி தீர்ந்தது. கிரேக்கக் கதைகளில் சாபம் பெரும்பாலும் முடிவு வரையில் விடுவதில்லை. நம் கதைகளிலோ, சபிக்கும் வாயே பெரும்பாலும் விமோசனத்தையும் சொல்லிவிடுகிறது.

ஆயினும் விமோசனம் என்பது எளிய செயலா? இக்கேள்வியைத் தமிழில் கூர்மையாக எழுப்பியவர் புதுமைப்பித்தன். வான்மீகியின் அகலிகை யார் கண்ணுக்கும் தென்படாமல் சாம்பலில் கிடந்தவள். கம்பரின் அகலிகை கல்லானவள். இருவருக்கும் இராமன் வருகையால் விடுதலை கிடைத்தது. புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய 'சாப விமோசனம்' அதற்குப் பின்னுள்ள நாட்களைச் சொல்கிறது. சாபம் நீங்கியும் ஊரார் பார்வை நீங்கவில்லை. சீதை தீக்குளித்த செய்தி கேட்டு, அகலிகை மீண்டும் கல்லாகிவிடுகிறாள். பழங்கதையின் பாத்திரம் ஒன்றை எடுத்து, அதன் உள்ளத்தில் புதிய கேள்வியை வைத்தார் ஆசிரியர். அவர் தம் இறுதி நாட்களைக் கழித்து 1948-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் கண் மூடியது இந்தத் திருவனந்தபுரத்தில்தான். அவர் செய்ததைத்தானே என் மகளும் தன் அளவில் செய்ய முயன்றாள்? அவருக்கு ஒரு நீதி, அவளுக்கு ஒரு நீதியா?

சாபம் பெற்ற தெய்வத்தைப் படைக்க விரும்பும் இளையோருக்கு, இக்கதைகளிலிருந்து நான் அறிந்த ஐந்தினைச் சொல்வேன். முதலாவது, வீழுமுன் அவள் எதற்கு உரியவள் என்பது தெளிவாதல் வேண்டும். இரண்டாவது, குற்றம் யாருடையது என்பதைக் கதை மறவாதிருத்தல் வேண்டும். தண்டனை பெற்றவளே குற்றவாளி என்று பார்ப்போர் எண்ணிவிடலாகாது. மூன்றாவது, சாபம் அவளுடைய சிறப்பையே தாக்குதல் வேண்டும். கூந்தல் அழகிக்குப் பாம்பும், கனியை மிதித்தவளுக்குப் பசியும் போல. நான்காவது, எல்லாம் இழந்தபின்னும் அவளிடம் ஒன்று எஞ்சியிருத்தல் வேண்டும். ஐந்தாவது, விமோசனம் உண்டா, உண்டெனில் யார் கையால் என்பது. இவ்வைந்தில் கடினமானது இறுதியே. மெடூசாவுக்கு வந்தது பெர்சியூசின் வாள். வேறு வழி இல்லையா?

உண்டு. கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸ் கி.மு. 458-இல் அரங்கேற்றிய நாடகத் தொகுதியின் முடிவில் அதனைக் காணலாம். தாயைக் கொன்ற ஒரெஸ்டீசைப் பழிவாங்கும் தேவியர் துரத்தி வருகின்றனர். ஏதென்சு நகரில் வழக்கு நடக்கிறது. வாக்குகள் சமமாகப் பிரிய, அவன் விடுதலை பெறுகிறான். தேவியரோ அந்நாட்டையே நஞ்சாக்குவோம் என்று சினக்கின்றனர். அதீனா தேவி அவர்களோடு போர் புரியவில்லை. "எங்கள் ஊரிலேயே தங்குங்கள், உங்களுக்கு இடமும் சிறப்பும் தருகிறோம்" என்று வேண்டுகிறாள். சினம் தணிந்து, அவர்கள் அந்நகரை வாழ்த்துகின்றனர்.

இதைப் படித்த மாலையில் வேலை முடிந்து தம்பானூரிலிருந்து நடந்து வந்தேன். கிழக்கேகோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரையில் நீளும் நம் சாலைக் கடைவீதி, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் அமைத்தது. வாணிகம் தேடித் தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த நம் முன்னோருக்கு இடம் கொடுத்த தெரு. தெரு முடியும் இடத்தில் கிள்ளியாறு ஓடுகிறது. அங்கு நின்றபோதுதான், ஏதென்சு நகரத்துக் கதை எனக்கு ஏன் பழகிய கதையாகத் தோன்றியது என்பது விளங்கியது.

மதுரையை எரித்த கண்ணகி, கன்னியாகுமரி வழியாகச் சேரநாடு புகுந்து, கொடுங்கல்லூர் செல்லும் வழியில் ஆற்றுக்காலில் தங்கினாள் என்பது இவ்வூர் வழக்கு. முல்லுவீடு என்னும் குடும்பத்துப் பெரியவர் கிள்ளியாற்றில் நின்றபோது, ஒரு சிறுமி வந்து தன்னை அக்கரை சேர்க்குமாறு கேட்டாள். அன்றிரவு கனவில் தோன்றி, காவில் மூன்று கோடுகள் காணுமிடத்தில் தனக்கு இடம் அமைக்கச் சொன்னாள் என்று கதை தொடர்கிறது. அதுவே ஆற்றுக்கால் பகவதி கோயில். மாசி மாதத்துத் திருவிழாவில் கண்ணகி கதையைத் தோற்றம் பாட்டாகப் பாடுகின்றனர். ஒன்பதாம் நாள், பாண்டியன் மடியும் பகுதி பாடி முடிந்த பின்னரே பொங்கல் அடுப்பு மூட்டப்படுகிறது. 1997-இல் 15 இலட்சம் பெண்களும், 2009-இல் 25 இலட்சம் பெண்களும் பொங்கலிட்டதாகக் கின்னஸ் நூலில் பதிவாகியுள்ளது. அந்நாட்களில் நாகர்கோவில் மார்க்கத்து வண்டிகளில் புதுப்பானையும் விறகுமாக வந்திறங்கும் தாய்மாரை நான் ஆண்டுதோறும் காண்பவன். மட்டக்களப்புத் தமிழரும் வைகாசியில் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி என்னும் விழா எடுத்து அவள் சினத்தைத் தணிக்கின்றனர்.

கண்ணகி வீழ்ந்த தெய்வம் அல்லள், மண்ணிலிருந்து உயர்ந்தவள். ஆனால் அவள் துயரின் வேரிலும் ஒரு சாபம் உண்டு. முற்பிறப்பில் கோவலன் பரதன் என்னும் பெயரோடு, சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக்கொடுத்தான். சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து, மலையேறி, சபித்து உயிர் விட்டாள். மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் கூறும் செய்தி இது. ஒருத்தியின் நியாயமான சாபம் குற்றமற்ற மற்றொருத்தியைச் சுட்டது. அச்சங்கிலியை வாள் அறுக்கவில்லை. இடம் கொடுத்தலும் பொங்கிப் படைத்தலுமே அறுத்தன.

வீட்டுக்கு வந்து என் தாயாரிடம் இதைச் சொன்னேன். அவர், "அலைஞ்சு வந்தவளுக்கு முதல்ல ஒரு செம்பு தண்ணி குடுக்கணும். வந்தது எந்த ஊருன்னு பிறகு கேக்கலாம்" என்றார். உள்ளே படித்துக்கொண்டிருந்த மகள் தலை நிமிர்ந்து பார்த்தாள்.

அன்றிரவு அவளிடம் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினேன். மலையாள எழுத்தில் இருந்ததை அவள் படிக்க, நான் கேட்டேன். அவள் படைத்த தெய்வம், வழிப்போக்கருக்கு வழி காட்டும் தேவி. தேவர்கள் அடைத்து வைத்த ஒரு பாதையை, பிள்ளையைத் தேடி வந்த தாய் ஒருத்திக்காகத் திறந்துவிட்டாள். அதனால், "நீ காட்டும் வழியெல்லாம் பிறருக்குச் சரியாகும், உன் வழி உனக்குத் தெரியாது" என்று சாபம் பெற்றாள். ஊர் ஊராக அலைந்து, கேட்பவர்க்கெல்லாம் வழி சொல்கிறாள். தான் மட்டும் வீடு சேர முடியவில்லை. நாள் முழுதும் அறையின் சாளரத்துக்கு இப்பால் அமர்ந்து, யார் யாருக்கோ ஊர் செல்லப் பயணச்சீட்டு எழுதும் நான், சிறிது நேரம் வாய் பேசாதிருந்தேன்.

"முடிவு மட்டும் எழுதலை அப்பா. எப்படி முடிக்கிறதுன்னு தெரியலை" என்றாள். நான் முடிவு சொல்லவில்லை. "இது நல்ல தமிழ், மக்களே. எழுத்தை நாம் இருவரும் சேர்ந்து மாற்றுவோம்" என்றேன். நாள்தோறும் ஒரு பக்கம் அவள் படிக்க, நான் தமிழ் எழுத்தில் எழுதிக் காட்ட, அவள் பார்த்து எழுதினாள். ஏழாம் பக்கத்திலிருந்து அவளே எழுதத் தொடங்கினாள். ளகரமும் ழகரமும் இன்னும் இடம் மாறுகின்றன. இறுதிக் காட்சியில் ஆற்றங்கரையில் ஒரு கிழவி, தேவியிடம் ஊர் பெயர் கேளாமல் ஒரு செம்பு தண்ணீர் நீட்டுகிறாள். தேவி வாங்கிக் குடித்துவிட்டு, திண்ணையில் அமர்கிறாள். சாபம் நீங்கியதா என்று நாடகம் சொல்லவில்லை.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளையும் இதுபோல் வேற்றெழுத்தில் தமிழ் எழுதிக்கொண்டு வரலாம். வேற்று நாட்டுத் தெய்வத்துக்குத் தமிழ் பேசக் கற்றுக்கொடுக்கலாம். குறிப்பேட்டை மூடிவிடாதீர்கள். முதலில் அதைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எழுத்தைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். ஆண்டு விழா நாடகத்துக்குக் குடும்பத்தோடு வருமாறு அனைவரையும் வேண்டுகிறேன்.