ஆட்டு ரோமம் வாங்கித் தந்த ஒளி

இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயர் மாவட்டத்தில், கோல்ன் ஆற்றங்கரையில் ஃபேர்ஃபோர்டு என்னும் சிற்றூர் உள்ளது. அப்பகுதிக் குன்றுகளில் மேய்ந்த ஆடுகளின் ரோமத்திற்கு ஒரு காலத்தில் ஐரோப்பிய நெசவாளரிடையே நல்ல விலை கிடைத்தது. அந்த வணிகத்தில் பொருள் ஈட்டிய ஜான் டேம், 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஊர்த் தேவாலயத்தைப் புதிதாக எழுப்பத் தொடங்கினார். 1500இல் அவர் மறைந்தபின் மகன் எட்மண்ட் டேம் பணியை நிறைவேற்றினார்.

அத்தேவாலயத்தின் 28 வண்ணக் கண்ணாடிச் சாளரங்களே நாம் இங்குச் சொல்ல வந்தவை. இங்கிலாந்தின் ஊர்த் தேவாலயங்களுள் இடைக்காலக் கண்ணாடி ஏறக்குறைய முழுத் தொகுதியாக எஞ்சியிருப்பது இங்கு மட்டுமே. ஏழாம் ஹென்றி மன்னரின் கண்ணாடிக் கலைஞரான பர்னார்ட் ஃபிளவர் இவற்றின் ஆக்கத்தில் முதன்மைப் பங்கு வகித்தார் என ஆய்வாளர் கருதுகின்றனர்.

மணலையும் மரச்சாம்பலையும் உருக்கினால் கண்ணாடி. அதில் கோபால்ட் கலந்தால் நீலம். செம்பு தரும் சிவப்போ ஒளி புகாத அளவுக்கு அடர்ந்தது. ஆகவே நிறமற்ற கண்ணாடியின்மேல் மெல்லிய சிவப்புப் படலமாக அதனைச் சேர்த்தனர். வெள்ளிச் சேர்மத்தைப் பூசிச் சூளையில் சுட்டால் பொன் மஞ்சள் பிறக்கும். முகம், விரல், ஆடையின் மடிப்பு ஆகியவற்றைக் கரிய பூச்சால் தீட்டிச் சுட்டபின், துண்டுகளை ஈயப்பட்டைகளால் இணைத்தனர்.

எழுத்தறியாதோர்க்கு வேதக்கதை சொல்லவே இவை அமைந்தன என்பது வழக்கமான விளக்கம். அது முழு உண்மையாக நமக்குத் தோன்றவில்லை. உயரத்தில் உள்ள நுண்ணிய வேலைப்பாடு கீழே நிற்பவர் கண்ணுக்கு எளிதில் எட்டாது. ஆயினும் அதிலும் குறை வைக்கவில்லை. முதற்சாளரத்தில் ஏவாள், மோசே, சேபா நாட்டு அரசி ஆகியோருடன் கிதியோனும் இருக்கிறார். பனி நனைத்த ஆட்டுத் தோல் அவர் கதைக்குரியது. ரோம வணிகர் கட்டிய தேவாலயத்தில் அதனைக் காணும்போது நமக்குப் புன்னகை வருகிறது.

சமயச் சீர்திருத்தக் காலத்திலும் 17ஆம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போரிலும் நாடெங்கும் இத்தகைய சாளரங்கள் உடைக்கப்பட்டன. ஃபேர்ஃபோர்டு தப்பியது. ஆனால் 1703 நவம்பரில் வீசிய பெரும்புயல் மேற்குச் சாளரத்தைச் சிதைத்தது. அதைவிட வருந்தத்தக்கது, 19ஆம் நூற்றாண்டில் பழுதுபார்க்க வந்தவர்கள் அதன் மேற்பாதியைப் புதுக் கண்ணாடியால் மாற்றியதே. புயல் விட்டுவைத்ததையும் நல்லெண்ணம் அகற்றிவிட்டது.

இரண்டாம் உலகப்போரின்போது கண்ணாடிகள் முழுவதும் கழற்றப்பட்டுப் பத்திரப்படுத்தப்பட்டன. 1988 முதல் 2010 வரை கீத் பார்லி என்னும் வல்லுநர் அவற்றைச் செப்பனிட்டார். இம்முறை பழையதை மாற்றும் எண்ணம் இல்லை. மழையும் காற்றும் தாக்காதபடி வெளிப்புறம் காப்புக் கண்ணாடி அமைத்து, பழையதை உட்புறம் நிறுத்தினர். இரண்டிற்கும் இடையே காற்றோட்டத்திற்கு இடைவெளி உண்டு.

மேற்குச் சாளரத்தின் கீழ்ப்பாதி இன்றும் பழையதே. பொருள் இறுதித் தீர்ப்பு. தேவதூதர் மிகாவேல் தராசில் ஆன்மாக்களை நிறுக்கிறார். அருகே நீலநிறப் பேய் ஒன்று ஒரு பெண்ணைத் தள்ளுவண்டியில் வைத்து நரகத்திற்குக் கொண்டுபோகிறது. மாலை வெயில் அந்த நரகத்தின் சிவப்பினூடே புகுந்து தேவாலயத்தின் உள்ளே விழுகிறது.