பெட்டிக்குள் முதலில் போவது எது? ஆளைக் காட்டிக்கொடுக்கும் ரகசியம் தெரியுமா?

ஆரணியிலிருந்து ஒரு குடும்பம் வெளியூர்க் கல்யாணத்துக்குக் கிளம்புகிறது என்று வையுங்கள். நாலு பேர் பெட்டி கட்டினால் நாலு விதம்! பெரியம்மா பட்டுப்புடவையை முதலில் வைத்துவிட்டு மற்றதையெல்லாம் அதைச் சுற்றி அடுக்குவார். மருமகள் அதையே கடைசியில், எல்லாவற்றுக்கும் மேலே, நலுங்காமல் வைப்பாள். பாட்டிக்குப் பெட்டிமேலேயே நம்பிக்கை கிடையாது. துணிப்பையில் போட்டு பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டே வருவார். பேரன் இன்னும் பீரோவையே திறக்கவில்லை! ஒரே வீடு, ஒரே கல்யாணம். ஆனால் ஒருவர் எதற்கு அஞ்சுகிறார், யாரை நினைத்துக்கொள்கிறார் என்பதை அவர் வாய் திறப்பதற்கு முன்பே அவர் கட்டும் பெட்டி சொல்லிவிடும்.

பெரிய சண்டையிலிருந்தே ஆரம்பிப்போம். மடிப்பதா, சுருட்டுவதா? கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் இந்த ஊரின் தறிகளிடம் கேட்டால் பதில் கிடைக்கும். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு பிறக்கும்போதே சுருண்டுதான் பிறக்கிறது, தெரியுமா? நெய்ய நெய்ய, புடவை நெசவாளியின் முன்னால் இருக்கும் உருளைமரத்தில் சுற்றிக்கொண்டே போகும். தறியிலிருந்து அறுத்து இறக்கிய பிறகுதான் அதன்மேல் முதல் மடிப்பு விழுகிறது! அருங்காட்சியகங்களிலும் நீளமான பழந்துணிகளை மடித்து வைப்பதில்லை, குழாயில் சுற்றித்தான் வைக்கிறார்கள். காரணம், துணி மடிப்பில்தான் முதலில் சாகிறது. அதிலும் அசல் சரிகை என்பது பட்டு நூலைச் சுற்றிய வெள்ளி இழை, அதன்மேல் தங்கப் பூச்சு. நூல் பல முறை வளைந்தும் தாங்கும், உலோகம் அவ்வளவு தாங்குமா? ஒரே கோட்டில் மாதக்கணக்காக மடிந்து கிடந்தால் அந்தக் கோட்டிலேயே விட்டுப்போகும். சில மாதத்துக்கு ஒருமுறை பட்டை உதறி, மடிப்பை மாற்றிப் போடும் வீட்டுப் பெண்கள் இந்த உலோக விஞ்ஞானத்தைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆகவே சுருட்டிக் கட்டுகிறவரைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள்.

எதையும் ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிக் கட்டுகிறவர்கள் வீட்டுக்கு வீடு ஒருவர் உண்டு. அவர்களுக்கு ஓர் அவசரச் செய்தி! ரப்பரைக் கெட்டிப்படுத்துவதே கந்தகம்தான். சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டுபிடித்த வித்தை அது. அந்தக் கந்தகம் சரிகையின் வெள்ளியைச் சந்தித்தால் வெள்ளி கறுத்துவிடும். ஜாக்கெட்டையும் புடவையையும் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டுப் பெட்டியில் வைத்தீர்களா? இப்போதே எழுந்து போய்க் கழற்றுங்கள், மீதியை வந்து படிக்கலாம். பிளாஸ்டிக் கவரும் வேண்டாம். பட்டு தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் கைக்கு ஈரமே தெரியாமல் இருக்கக்கூடியது! அந்த ஈரம் வெளியே போக வழி வேண்டும். பழைய வெள்ளை வேட்டித் துணி போதும்.

இனி மிகப் பெரிய கட்சி. "அத்தே, அந்தப் பச்சைப் புடவையும் எடுத்து வச்சுக்குங்க, எதுக்கும் இருக்கட்டும்." இந்த "எதுக்கும் இருக்கட்டும்" கட்சிக்காரர்களை வீட்டில் எல்லோரும் திட்டுகிறோம். ஆனால் எடுப்பதா விடுவதா என்ற கேள்வி எவ்வளவு கொடூரமானது தெரியுமா? உங்கள் முன்னால் வெறும் 30 பொருள் இருந்தால், எதை எடுப்பது, எதை விடுவது என்பதற்கு 107 கோடியே 37 லட்சத்து 41 ஆயிரத்து 824 வழிகள்! எடை வரம்புள்ள பையில் அதிகபட்சப் பயன் தரும் பொருள்களை நிரப்புவது கணினி விஞ்ஞானத்தில் பேர் பெற்ற கணக்கு. 1972இல் ரிச்சர்ட் கார்ப் பட்டியலிட்ட 21 கடினமான கணக்குகளில் அந்தப் பைக் கணக்கும் ஒன்று. எல்லா நேரத்திலும் அதை வேகமாகத் தீர்க்கும் சரியான வழியை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதைத்தான் உங்கள் அம்மா ராத்திரி பதினோரு மணிக்குக் கட்டில்மேல் துணியைப் பரப்பித் தீர்த்துக்கொண்டிருக்கிறார்!

சரி, ஏன் பெட்டி எப்போதும் பெருத்துக்கொண்டே போகிறது, இளைப்பதே இல்லை? 2021இல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு அசர வைக்கிறது. ஒன்றைச் சரிசெய்யச் சொன்னால் மனித மனம் சேர்க்கத்தான் பார்க்கிறது. எடுத்துவிடலாம் என்ற யோசனை பெரும்பாலும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. எடுத்துவிடுவதும் ஒரு வழி என்று நினைவூட்டினால் அது தோன்றுகிறது. ஆகவே "ஏன் இவ்வளவு?" என்று கத்துவதால் பலனில்லை. "இதில் எதை விட்டுவிட்டுப் போகலாம் அத்தை?" என்று கேட்டுப் பாருங்கள். அத்தை அந்தப் பச்சைப் புடவையைத் தானே எடுத்து பீரோவில் வைப்பார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த "எதுக்கும் இருக்கட்டும்" கட்சிக்காரர்கள் கட்டுவது தங்களுக்காக மட்டும் அல்ல. அந்தக் கூடுதல் புடவை, புடவை நனைந்துபோன யாரோ ஒரு சொந்தக்காரப் பெண்ணுக்கு. அந்த ஊக்குப் பொட்டலம் மணப்பெண்ணுக்கே உதவும். கல்யாண மண்டபத்தில் அவசரம் என்றால் எல்லோரும் யார் பெட்டியைத் தேடி ஓடுகிறோம்?

பட்டியல் போட்டுக் கட்டுகிறவருக்கும் கடைசி நேரக்காரருக்கும் இடையில் இருப்பது உறக்கம்! 2018இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரைத் தூக்க ஆய்வகத்தில் படுக்க வைத்துப் பார்த்தார்கள். இனிச் செய்ய வேண்டியதை எழுதிவிட்டுப் படுத்தவர்கள், செய்து முடித்ததை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கிவிட்டார்கள். நோட்டில் எழுதி ஒவ்வொன்றாக டிக் அடிக்கும் சித்தப்பா பயணத்துக்கு முந்தின இரவு குறட்டை விடுவது சும்மா இல்லை. கடைசி நேரக்காரரோ "அரை மணி நேர வேலைதானே" என்று சத்தியமாக நம்புகிறார். அது பொய் இல்லை, மனதின் இயல்பு. 1994இல் வெளியான ஓர் ஆய்வில் மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் போதும் என்றார்கள். ஆனது 55 நாளுக்கும் மேல்!

இந்த அவசரக்காரருக்கு ஆரணியில் இன்னொரு சோதனை உண்டு. வெளியூர்க்காரர்களே, விழுப்புரம் காட்பாடி பாதையில் இருக்கும் 'ஆரணி ரோடு' ரயில் நிலையம் ஆரணியில் இல்லை, தெரியுமா? களம்பூரில் இருக்கிறது! ரயிலைப் பிடிக்கவே முதலில் ஒரு சிறு பயணம் போக வேண்டும். அதுவரை பெட்டியை யார் தூக்குவது? பெட்டிக்குச் சக்கரம் வைக்கலாம் என்று பெர்னார்ட் சாடோ காப்புரிமை பெற்றது 1972இல். மனிதன் நிலவில் கால் வைத்தது 1969இல்! நிலவுக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் சாடோவின் உருட்டும் பெட்டி காப்புரிமை அலுவலகத்துக்கே போனது.

ஆனால் கட்டுவதில் சொந்தக் குணத்துக்கே இடம் தராத மூட்டை ஒன்று உண்டு. இருமுடி! முன்முடியில் ஐயப்பனுக்கான நெய்த்தேங்காயும் பூஜைப் பொருளும், பின்முடியில் போகிறவருக்கான உணவுப்பொருள். பட்டியல்காரரும் கடைசி நேரக்காரரும் குருசாமி முன்னால் ஒரே மாதிரிதான் உட்கார வேண்டும். வீட்டாரும் சொந்தக்காரர்களும் ஆளுக்கொரு பிடி அரிசி போடுவார்கள்; ஊரே சேர்ந்து கட்டும் மூட்டை அது. இதற்காக விமான விதியே வளைந்துகொடுத்தது தெரியுமா? தேங்காயில் எண்ணெய் அதிகம், தீப்பிடிக்கக்கூடியது என்பதால் விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகத் தடை. 2024 அக்டோபரில் சபரிமலை பக்தர்களுக்கு மட்டும் 2025 ஜனவரி 20 வரை விலக்கு கொடுத்தார்கள்.

எல்லாவற்றையும் விட என்னைச் சிலிர்க்க வைப்பது இதுதான். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், 583 அடி. அதன் தலைவன் நன்னன் ஆண்ட செங்கண்மா இன்றைய செங்கம்; ஆரணி இருக்கும் அதே திருவண்ணாமலை மாவட்டம்! அந்தப் பாட்டு மலையை முதலில் பாடவில்லை, அரசனைப் பாடவில்லை. பயணம் கிளம்பும் கூத்தர்களின் பைகளைப் பாடித்தான் ஆரம்பிக்கிறது! முழவு, ஆகுளி, கொம்பு, குழல் என்று ஒவ்வொரு கருவியாகப் பேர் சொல்லி, அவற்றைச் சுருக்கிப் பையில் கட்டிய ஒழுங்கையும் சொல்லி, பலாக்காய்க் கொத்துக்கு அந்தப் பைகளை உவமை காட்டுகிறது. சோறு என்ன எடுத்தார்கள், துணி என்ன எடுத்தார்கள் என்று அங்கே பேச்சில்லை. அவர்களுக்கு முதலில் போனது கருவி. ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுக்கு முன்பு இந்த மண்ணில் நடந்தவர்கள் எப்படி மூட்டை கட்டினார்கள் என்பது நமக்குத் தெரிகிறது, நினைத்துப் பாருங்கள்!

கடைசியாக, எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் பயன்படும் ஒன்று. போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகப் பட்டை வெளியே எடுத்து, வெந்நீர் ஆவி படியும், ஆனால் தண்ணீர் தெறிக்காத இடத்தில் தொங்கவிடுங்கள். பட்டு இழைக்குள் மடிப்பைப் பிடித்து வைத்திருப்பது ஹைட்ரஜன் பிணைப்புகள். ஆவியின் ஈரம் பட்டால் அவை நெகிழும், புடவையின் எடையே அதை இழுத்து நிமிர்த்திவிடும். பிறகு கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள். ஆரணிப் பட்டு எடை குறைவு என்பது ஊரறிந்த பேர். அதனால் காஞ்சிப் பட்டைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் தொங்கட்டும். நீங்கள் தலை பின்னி, பூ வைத்து முடிப்பதற்குள் புடவை தயார்!