தேரி மணலில் முறியும் ஆக்சில்

சாத்தான்குளத்திலிருந்து உடன்குடிக்கும் திசையன்விளைக்கும் போகும் வழிகளில் தேரி என்னும் செம்மணல் மேடுகள் விரிந்து கிடப்பதையும், பனங்காடுகளுக்கும் முருங்கைத் தோட்டங்களுக்கும் செல்லும் வண்டித் தடங்கள் அந்த மணலினூடே புகுந்து போவதையும் பார்த்தவர்கள், இவ்வட்டாரத்து ஒர்க்‌ஷாப்புகளில் முறிந்த பின்சக்கர ஆக்சில் ஒன்று சுவரோரம் சாய்ந்திருக்கக் கண்டால் வியப்படைய மாட்டார்கள். கெட்டியான எஃகுத் தண்டு எவ்வாறு முறிகிறது, புதிய தண்டை அதன் இடத்தில் சேர்ப்பதில் என்ன சூட்சுமம் அடங்கியிருக்கிறது என்பவை, வாகனம் ஓட்டுகிறவர்களில் பலர் அறியாத, ஆனால் அறிந்துகொள்ள மிகவும் தகுதியான விஷயங்கள்.

மாட்டு வண்டியில் அச்சு அசையாமல் நிற்க, இரண்டு சக்கரங்களும் தத்தம் போக்கில் சுழலுகின்றன. ஆகையால் திருப்பத்தில் அதற்குத் துன்பமில்லை. மோட்டார் வாகனத்திலோ எஞ்சினின் சக்தி சக்கரங்களைச் சுழற்றியாக வேண்டும். இரு பின் சக்கரங்களுக்கும் இடையே நாலரை அடி அகலம் இருக்குமானால், ஒரு செங்கோணத் திருப்பத்தில், அதை எவ்வளவு விசாலமாக எடுத்தாலும், வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட ஏறத்தாழ ஏழு அடி அதிகமாக ஓட வேண்டியிருக்கிறது. இவ்விரண்டையும் ஒரே தண்டில் பூட்டிவிட்டால் ஏதேனும் ஒரு டயர் தரையில் தேய்ந்தே தீரும். இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரமாக 1827-28ஆம் ஆண்டுகளில் பிரான்ஸ் தேசத்து ஒனெசிஃபோர் பெக்கர் தம் நீராவி வண்டிக்கென அமைத்ததுதான் டிஃபரன்ஷியல். உத்தரபாராவில் 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை உற்பத்தியான அம்பாசடர் காரிலும், கருப்பட்டியும் மீனும் ஏற்றிக்கொண்டு இன்று ஓடுகிற டாடா ஏஸ், பொலேரோ வண்டிகளிலும் பின் ஆக்சிலின் உறையாகிய ஹவுசிங்கின் வயிற்றுக்குள் இருப்பது அதன் வழித்தோன்றலே.

எஞ்சினின் சக்தியைப் பெற்றுச் சுழலும் டெயில் பினியன் என்னும் சிறு பல்சக்கரம் கிரௌன் வீல் என்னும் பெரிய பல்சக்கரத்தைச் சுழற்ற, கிரௌன் வீலோடு பிணைந்த கூடு சுற்றுகிறது. கூட்டுக்குள் இருக்கும் ஸ்டார் பினியன்கள், இருபுறமும் எதிரெதிரே அமர்ந்த சன் கியர்களுக்குச் சுழற்றும் விசையைச் சமமாகப் பங்கிடுகின்றன. ஒவ்வொரு சன் கியரின் துவாரத்திலும் உட்புறமாக நீளவாக்கில் பற்கள் வெட்டப்பட்டிருக்கும். அதில் நுழையும் ஆக்சில் முனையிலோ, நட்சத்திர அச்சில் பிழிந்த முறுக்கின் உடம்பில் ஓடும் வரிகளைப் போல, வெளிப்புறப் பற்கள் இருக்கும். இவையே ஸ்பிளைன்கள்.

சமமாகப் பங்கிடுவது நீதிதான். ஆனால் தேரி மணலில் அந்த நீதியே வினையாகிறது. ஒரு சக்கரம் மணலில் பிடிப்பின்றி வழுக்கினால் அதற்கு வேண்டிய விசை மிகக் கொஞ்சம். கெட்டித் தரையில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் அந்தக் கொஞ்சமே கிடைக்கும். ஆகவே ஒன்று அசையாமல் நிற்க, மற்றது கூட்டைவிட இரு மடங்கு வேகத்தில் சுழலுகிறது. பொறுமையிழந்த ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மேலும் மிதிக்க, சுழலும் சக்கரம் திடீரென்று ஒரு வேரையோ கல்லையோ கவ்வுகிற அந்தக் கணத்தில், வேகமெல்லாம் தண்டின் மேல் அடியாக இறங்குகிறது. பெரும்பாலும் ஸ்பிளைன் தொடங்கும் இடத்தில்தான் முறிவு நேர்கிறது. ஒரு பக்கத்து ஆக்சில் முறிந்துவிட்டால் மறுபக்கம் பழுதின்றியிருந்தும் வண்டி ஓரடியும் நகராது; எதிர்ப்பில்லாத பக்கமே சுழன்றுகொண்டிருக்கும்.

சக்கரத்தையும் டிரம்மையும் கழற்றி, உள்ளே தங்கிய முறிந்த துண்டையும் தூள்களையும் அப்புறப்படுத்திய பிறகு புதிய தண்டை நுழைக்கும்போதுதான் கைத்திறன் வேண்டியிருக்கிறது. ஹவுசிங்கின் குழாய்க்குள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தண்டின் உள்முனை தன் பாரத்தால் தாழும். தாழ்ந்தால் கூரிய பற்கள் ஆயில் சீலின் மெல்லிய உதட்டைக் கீறிவிடும். கீறிய சீல் வழியே எண்ணெய் பிரேக் டிரம்முக்குள் கசிந்து பிரேக்கையே கெடுக்கும். ஆகவே ஒரு கை அடியிலிருந்து தாங்க, மற்றொரு கை தள்ள, தண்டு நேராகப் போக வேண்டும். முனை சன் கியரைத் தொட்டதும் ‘டக்’ என்று நின்றுவிடும். வெளியே தண்டின் முனைத் தட்டான ஃபிளாஞ்சுக்கும் ஹவுசிங் முகத்துக்கும் நடுவே ஓரிரண்டு அங்குலம் இடைவெளி நிற்கும். பல்லின் மேல் பல் நிற்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

“அண்ணாச்சி, உள்ள போகமாட்டேங்குது” என்று பையன் சுத்தியலைத் தேடுவான். “தட்டாதல, லேசாத் திருப்பு, தானா விழும்” என்பார் அனுபவசாலி. அவர் சொல்வதில் கணிதமே இருக்கிறது: 24 பற்கள் உள்ள ஸ்பிளைனில் ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் இடையே 15 டிகிரிதான், அதற்குள்ளாகவே எங்கேனும் ஓரிடத்தில் பள்ளமும் மேடும் சந்தித்தாக வேண்டும். ஆனால் தண்டோடு சன் கியரும் கூடவே சுழன்றால் சந்திப்பு நிகழாது. ஆகையால் வண்டியைக் கியரில் போட்டு, எதிர்ப்பக்கத்துச் சக்கரத்தைத் தரையிலேயே நிறுத்தினால், கூடும் மறுபக்கத்து சன் கியரும் அசையாதிருக்க, இந்தப் பக்கத்ததும் பூட்டிக்கொள்ளும். இரு பக்கமும் தூக்கப்பட்டிருந்தால், பையன் எதிர்ச்சக்கரத்தை மெதுவாகத் திருப்ப, இங்கே சன் கியர் எதிர்த்திசையில் திரும்பித் தண்டின் பற்களைத் தேடிவரும். சிக்கியதும் தண்டு வழுக்கிக்கொண்டு உள்ளே போவதைக் கை உடனே உணரும். அதற்குப் பின் பேரிங் தன் இருக்கையில் அமர மரச் சுத்தியலால் மெல்லத் தட்டலாம். அதற்கு முன் தட்டுவதும், போல்ட்டுகளை இறுக்கித் தண்டை உள்ளே இழுக்க முயல்வதும் பற்களைச் சிதைக்கும் பெரும் பிழைகள் என்பது என் திடமான அபிப்பிராயம்.

வழுக்கும் சக்கரத்தின் குறையைத் தீர்க்க 1956-இல் அமெரிக்காவின் பேக்கார்டு கார்களில் விசேஷ டிஃபரன்ஷியல் ஒன்று வந்தது. அவ்வகையில் தண்டு சன் கியரோடு, கிளட்ச் தகடுகளைத் தாங்கும் வளையத்தின் பற்களிலும் நுழைய வேண்டும். தண்டு வெளியே இருக்கும்போது மறு சக்கரத்தைத் திருப்பினால் இரண்டு வரிசையும் ஒன்றுக்கொன்று விலகிப்போகும். சாதாரண அமைப்பில் உதவியாயிருந்த உபாயம் அங்கே கூடவே கூடாது.

எல்லாம் பூட்டி முடித்து, இரு சக்கரங்களையும் ஜாக்கியில் தூக்கி, கியரில் போட்டபடி ஒன்றைக் கையால் முன்னே சுழற்றினால் மற்றது பின்னே சுழல வேண்டும். அவ்வாறு சுழன்றால், வண்டியைச் சமதரைக்கு இறக்கி, ஹவுசிங்கின் எண்ணெய் நிரப்பும் துவாரம் வரை 90 கிரேடு கியர் ஆயிலை நிரப்பி மூடிவிடலாம்.