ஒரு பெயருக்குள் அடங்காத மறதி நோய்

வீட்டிலுள்ள முதியவர் ஒருவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லத் தொடங்கினால் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்று கூறி அமைதியடைந்துவிடுவது எம்மவர் வழக்கம். சற்று விடயமறிந்தோர் இப்போது 'அல்ஸைமர்' என்கின்றனர். முன்னையது நோயொன்றை வெறும் முதுமையாகக் கருதும் தவறு. அது பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். பின்னையதிலும் ஒரு தவறு உண்டு. ஒரே மூளையில் ஒரே நேரத்தில் நிகழும் பல நோய்களை ஒரு பெயருக்குள் அடக்கிவிடுவதே அது. சிகிச்சையைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது தவறும் உயிராபத்தை விளைவிக்கக்கூடியது என்பதால் அதனை இங்கு சற்று விரிவாக நோக்குகிறோம்.

டிமென்ஷியா என்பது காய்ச்சலைப் போன்று ஓர் அறிகுறித் தொகுதியின் பெயரேயாகும். நினைவு, பேச்சு, தீர்மானிக்கும் ஆற்றல் ஆகியன அன்றாட வாழ்வைக் குலைக்குமளவிற்குக் குன்றும் நிலையை அது குறிக்கிறது. அதற்குரிய காரணங்களை மருத்துவ நூல்கள் வெவ்வேறு அத்தியாயங்களில் விபரிக்கின்றன. அமிலொயிட் என்ற புரதம் நரம்புக் கலங்களுக்கு வெளியே திட்டுகளாகவும், டௌ என்ற புரதம் கலங்களுக்கு உள்ளே சிக்கல்களாகவும் படிவது அல்ஸைமர் நோய். குருதிக் குழாய்கள் பழுதடைந்து மூளை இழையம் சிறிது சிறிதாக இறப்பது குருதிக்குழாய் சார்ந்த டிமென்ஷியா. அல்பா சைனுக்ளீன் என்ற புரதம் கலங்களுக்குள் உருண்டைகளாகத் திரள்வது லூயி உடலங்கள் சார்ந்த டிமென்ஷியா. நடத்தையையும் பேச்சையும் முதலில் தாக்கும் முன்மூளை வகையும் உண்டு. நூலில் இவை தனித்தனியே இருப்பினும் முதியவர்களின் மூளையில் பெரும்பாலும் அவ்வாறு இருப்பதில்லை.

இந்தப் பிரிவினை எவ்வாறு தோன்றியது என்பதற்கு வரலாற்றில் விடையுண்டு. 1901 இல் பிராங்பேர்ட் நகர வைத்தியசாலையில் ஒகுஸ்டே டீற்றர் என்ற 51 வயதுப் பெண்மணியை ஜேர்மன் வைத்தியர் அலோய்ஸ் அல்ஸைமர் பரிசோதித்தார். 1906 ஏப்ரலில் அப்பெண்மணி இறந்தபின் அவரது மூளையை ஆராய்ந்து, அவ்வாண்டு நவம்பரில் டியூபிங்கன் நகரில் நடைபெற்ற மாநாட்டில் முடிவுகளை வெளியிட்டார். 1910 இல் கிரெப்பலின் தமது பாடநூலில் இந்நோய்க்கு அல்ஸைமரின் பெயரைச் சூட்டினார். இங்கு கவனிக்க வேண்டியது நோயாளியின் வயதாகும். அவர் ஐம்பதுகளின் நடுப்பகுதியில் மறைந்தவர். 1990 களில் மீளக் கண்டெடுக்கப்பட்ட அவரது மூளைத் தகடுகளைப் பரிசோதித்தபோது, குருதியோட்டம் தடைப்பட்டமைக்கான சான்றுகள் அவற்றில் காணப்படவில்லை. அதாவது, ஒப்பீட்டளவில் இளையவரான ஒருவரின் மூளையில் தெளிவாகத் தெரிந்த ஒரு நோய், எண்பது வயதைக் கடந்தோரின் மறதிக்கும் மாதிரியாகிவிட்டது. எண்பது வயது மூளையின் கதை வேறு.

அக்கதையை முதலில் எடுத்துரைத்தவர்கள் அமெரிக்காவின் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் என்றே கூறவேண்டும். மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்னோடன் 1986 இல் ஆரம்பித்த ஆய்வில், 75 வயதைக் கடந்த 678 கன்னியாஸ்திரிகள் தாம் இறந்தபின் தமது மூளையை வழங்குவதற்கு இணங்கினர். அவர்களுள் 102 பேரின் மூளைகளை ஆராய்ந்த முடிவு 1997 இல் வெளியாயிற்று. 61 பேரின் மூளையில் அல்ஸைமர் நோய்க்குரிய மாற்றங்கள் போதிய அளவில் இருந்தன. ஆயினும் அந்த 61 பேரும் வாழ்ந்த காலத்தில் ஒரே மாதிரியாக நினைவிழந்திருக்கவில்லை. மூளையின் ஆழ்பகுதிகளில் குருதியின்றி இறந்துபோன ஓரிரு சிறு திட்டுகளும் சேர்ந்திருந்தவர்களிடையே டிமென்ஷியா மிக அதிகமாகக் காணப்பட்டது. அல்ஸைமர் மாற்றம் போதியளவு இல்லாத ஏனைய 41 பேரிடையே, அதே திட்டுகளுக்கும் நினைவிழப்பிற்கும் இருந்த தொடர்பு சொற்பமே. தனியாக இருந்தால் பெரிதும் வெளித்தெரியாத பாதிப்பு, மற்றொன்றுடன் சேர்ந்தபோது ஆளை வீழ்த்தியிருக்கிறது.

சிக்காகோவின் ரஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனை மேலும் விரிவுபடுத்தினர். 2018 இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, 1,079 முதியவர்களின் மூளைகளில் ஒன்பது வகை நோய் மாற்றங்களைத் தேடியது. பத்தில் ஏழு பேருக்கும் அதிகமானோரிடம் இரண்டோ அதற்கு மேற்பட்டோ காணப்பட்டன. அவை ஒன்றுடனொன்று கூடியிருந்த விதங்கள் 230 இற்கும் அதிகம். அல்ஸைமர் மாற்றமே மிகப் பரவலாக இருந்தபோதிலும், அது தனித்து இருந்தது 9 சதவீதமானோரில் மாத்திரமே. அது இருந்தவர்களின் நினைவிழப்பில் அதன் பங்கு சராசரியாக அரைவாசி. எனினும் ஆளுக்காள் அது 22 சதவீதம் முதல் 100 சதவீதம் வரை வேறுபட்டது. ஒரே நோய்ப் பெயரைச் சுமந்த இருவர் உண்மையில் இரு வேறு நோயாளிகளாக இருந்திருக்கலாம் என்பதே இதன் பொருள். ஆய்வுக்குட்பட்டோரில் மிகப் பெரும்பாலானோர் வெள்ளை இன அமெரிக்கர்கள் என்பதையும் மறந்துவிடலாகாது.

இந்நோய்கள் ஏன் ஒன்றுகூடுகின்றன? வயது ஒரு பொதுக்காரணம். ஆனால் அது மட்டுமன்று. மூளை தனது கழிவுப் புரதங்களை அகற்றுவதற்குக் குருதிக் குழாய்களின் ஓரங்களையும் பயன்படுத்துகிறது. அக்குழாய்கள் தடித்துப் பழுதடையும்போது அமிலொயிட் தேங்குகிறது. தேங்கும் அமிலொயிட் குழாய்ச் சுவர்களிலேயே படிந்து அவற்றை நலிவடையச் செய்கிறது. நலிந்த சுவர் கசிகிறது. ஒன்று மற்றதை வளர்க்கும் இந்தச் சுழற்சியில் எது முந்தியது என்று பிரித்தறிவது எளிதன்று. லூயி உடலங்கள் உள்ளோரில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் அல்ஸைமர் மாற்றங்களும் காணப்படுகின்றன. எண்பது வயதைக் கடந்தோரின் நினைவுப் பகுதியைத் தாக்கி அல்ஸைமர் போலவே தோற்றமளிக்கும், டிடிபி-43 என்ற வேறொரு புரதம் சார்ந்த நோய்க்கு 2019 இல் தான் தனிப்பெயரே இடப்பட்டது.

இவற்றுள் எமது குடும்பங்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டியது லூயி உடலங்கள் பற்றியதாகும். இந்நோயாளி ஒருநாள் தெளிவாகப் பேசுவார், மறுநாள் குழம்பிப்போவார். வீட்டில் இல்லாத குழந்தைகளையோ விலங்குகளையோ கண்டதாகக் கூறுவார். உறக்கத்தில் கத்துவார், கைகால்களை வீசுவார். நடை தளர்ந்து அடிக்கடி விழுவார். பேயென்றும் ஜின்னென்றும் கருதிப் பார்வை பார்ப்பவர்களிடம் அழைத்துச் செல்லப்படுவோரும் உளர். வைத்தியரிடம் சென்றாலும், அல்ஸைமர் என்ற பெயருடன் சென்றால், மாயத்தோற்றத்தை அடக்குவதற்கு ஹலோபெரிடோல் போன்ற குளிசைகள் கொடுக்கப்படக்கூடும். லூயி உடலங்கள் உள்ளவர்களிடம் இத்தகைய மருந்துகள் உடல் விறைப்பு, ஆழ்ந்த மயக்கம் முதலிய கடும் விளைவுகளை ஏற்படுத்தி மரணத்திற்கும் இட்டுச்செல்லலாம் என்பதைப் பிரித்தானியாவின் நியூகாசில் வைத்தியர்கள் 1992 இலேயே எடுத்துக்காட்டினர். அமெரிக்க நகைச்சுவை நடிகர் ரொபின் வில்லியம்ஸிற்கு 2014 மே மாதத்தில் பார்க்கின்சன் நோய் என்று கூறப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்டில் அவர் தம்முயிரை மாய்த்துக்கொண்ட பின்னரே, மூளை முழுவதும் லூயி உடலங்கள் பரவியிருந்தமை பிரேத பரிசோதனையில் தெரியவந்தது. உலகின் சிறந்த மருத்துவ வசதி கைக்கெட்டிய ஒருவரின் நிலையே இதுவெனில், ஏனையோரைப் பற்றிக் கூறவேண்டியதில்லை.

கலப்பு நோய் என்பதில் ஆறுதல் தரும் செய்தியும் ஒன்றுண்டு. கலவையின் ஒரு கூறு எமது கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. அமிலொயிட்டை உணவாலோ உடற்பயிற்சியாலோ கரைத்துவிட முடியாது. ஆனால் குருதியமுக்கத்தைக் குறைக்க முடியும். அமெரிக்காவில் 9,300 இற்கும் அதிகமானோர் பங்குபற்றிய பரிசோதனையொன்றின் முடிவு 2019 இல் வெளியானது. மேல் அளவை 140 இற்குப் பதிலாக 120 இற்குக் கீழ்க் கொண்டுவர முயன்ற பிரிவினரிடையே, டிமென்ஷியாவின் முன்நிலையான இலேசான நினைவுக்குறைவு 19 சதவீதம் குறைந்தது. டிமென்ஷியாவும் குறைந்ததாகத் தெரிந்தபோதிலும் அது புள்ளிவிபரவியல் ரீதியாக உறுதிப்படவில்லை. நீரிழிவு உள்ளோரும் பாரிசவாதம் கண்டோரும் அதில் சேர்க்கப்படாமையால், அவ்விரண்டும் மலிந்த எமது சமூகங்களுக்கு அதே எண்ணிக்கையை அப்படியே பொருத்துவது சரியன்று. தளர்ந்த முதியவரின் அமுக்கத்தை அளவுமீறிக் குறைத்தால் அவர் மயங்கி விழவும் கூடும். இலக்கை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

2023 இல் அமெரிக்காவில் முழு அங்கீகாரம் பெற்ற லெக்கனமாப் என்ற ஊசிமருந்து அமிலொயிட்டை அகற்றுகிறது. 18 மாதப் பரிசோதனையில் அது நோயின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது, நோயை நிறுத்தவில்லை. குருதிக் குழாய்களிலும் அமிலொயிட் படிந்தோருக்கு அது மூளையில் கசிவை ஏற்படுத்தும் அபாயமும் உண்டு. கலவையின் ஒரு கூறை மட்டும் நீக்கும் மருந்திடம் இதற்குமேல் எதிர்பார்ப்பது நியாயமாகாது என்பதே எமது கருத்து. குருதிப் பரிசோதனை மூலம் அல்ஸைமர் மாற்றத்தை அறியும் முறைகளும் இப்போது வந்துள்ளன. அவை அம்மாற்றம் இருப்பதைக் காட்டும். வேறெதுவும் இல்லை என்று காட்டமாட்டா.

எமது பிரதேசங்களில் அத்தகைய பரிசோதனைகள் எல்லோருக்கும் எட்டுவனவல்ல. எட்டக்கூடியது வீட்டாரின் அவதானிப்பு. மறதி படிப்படியாக வந்ததா, படிக்கட்டில் இறங்குவது போன்று திடீர் திடீரென மோசமடைந்ததா, நாளுக்கு நாள் ஏறி இறங்குகிறதா, இல்லாதவற்றைக் காண்கிறாரா, எந்தக் குளிசைக்குப் பின் நிலைமை மாறியது என்பவற்றைத் திகதியுடன் குறித்து வைத்து வைத்தியரிடம் காட்டலாம். தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைபாடு ஆகியவற்றிற்கான குருதிப் பரிசோதனைகளையும் அதே சந்தர்ப்பத்தில் கேட்டுப் பெறுவது நன்று. அவை கலவையில் சேர்ந்திருப்பின், குணப்படுத்தக்கூடிய பகுதி அதுவே.